பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

"பாட்டி பாத்துக்குவாங்க." குழந்தைகள் காப்பகம் என்று பேச்செடுத்தாலே இந்தப் பதிலோடு வருகிறவர்கள், ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைச்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வந்து நிற்கட்டும். வீட்டு வேலைக்கு, கட்டட வேலைக்கு, மீன் விற்க என்று பெண்கள் டவுனுக்கு பஸ் ஏறுவார்கள். அந்தப் பாட்டியும் அதே பஸ்ஸில்தான் போகிறார். கைக்குழந்தை பத்து வயது அக்காவின் இடுப்பில். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அக்காவுக்கு அன்று 'ஆப்சென்ட்'. இதைக் குடும்பப் பிரச்சினை என்கிறார்கள். சாதிப் பிரச்சினை என்கிறேன் நான். ஊரார் பிள்ளைக்குச் சோறூட்டிச் சம்பாதிக்கிறவளின் பிள்ளைக்குச் சோறூட்ட ஆளில்லை என்றால் வேறென்ன பெயர் வைப்பது?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அரசமைப்பின் 45ஆம் பிரிவும் 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றது. அதில் கீழ் வயது வரம்பு இல்லை. 2002இல் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயதுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. நல்லது. ஆனால் ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களை 'அரசு முயற்சி செய்யும்' என்கிற வரிக்குள் தள்ளிவிட்டது. காசுள்ளவர் பிள்ளைக்கு ப்ளே ஸ்கூல். நம் பிள்ளைக்கு?

பால்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975இல் தொடங்கிய திட்டம். மூன்று வயதுக்கு மேல் சுடுசோறு, அதற்குக் கீழே வீட்டுக்குச் சத்துமாவுப் பாக்கெட். பாக்கெட் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுமா? தாய் வேலை முடிந்து வருவதற்குள் மையமும் பூட்டியாகிவிடும். ஊழியர் மேல் கோபப்படாதீர்கள். 2018இல் மத்திய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. சம்பளம் என்று சொல்லக்கூட மனசில்லை, 'மதிப்பூதியம்'!

அடுத்தது, மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது. ஊர்த்தெருவில் இருந்தால் சேரிப் பிள்ளை தயங்கி நிற்கும். சேரியில் இருந்தால் ஊர்ப் பிள்ளை வராது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று மறித்தார்களே, நினைவிருக்கிறதா? உச்ச நீதிமன்றம் இதையறியாமல் இல்லை. உணவுரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று, புதிய அங்கன்வாடி திறக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றது. ஆறு வயதுக்குக் கீழ் 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றும் சொன்னது. எத்தனை சேரிகளுக்கு இந்த உத்தரவைப் பற்றித் தெரியும்?

காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் படிக்கிற தோழர்களே, பிள்ளைச்சாவடி உங்களுக்குப் பக்கத்து ஊர். கருத்தரங்கில் விளிம்புநிலை பற்றிப் பேசியது போதும். தெருத்தெருவாகப் போய் ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். மையம் எங்கே, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், மூன்று வயதுக்குக் கீழே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அம்மாக்களிடம் கேளுங்கள். மையம் இருந்தால், மாலைவரை இயங்கும் காப்பகத்தோடு சேர்ந்த அங்கன்வாடியாக மாற்றக் கேட்கலாம். மத்திய அரசின் 'பால்னா' திட்டம் அதற்குத்தான். இல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவைக் குறிப்பிட்டு, தாய்மார் கையெழுத்தோடு மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் மனு கொடுங்கள். தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். மூன்று மாதத்தை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.