கள்ளிப்பழமும் கல்யாணப் பட்டும்

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

திரைப்படம் பொழுதுபோக்குக்காக மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருவன். மூன்று மணி நேரம் கவலையை மறந்து கைதட்டிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு படத்தைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறேன். அதில் சண்டை இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. பெயர் ‘சபர் போண்டா’. போண்டா என்றதும் தேநீர்க் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம்! மராத்தி மொழியில் அது சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் பெயர். சிறுவயதில் வேலியோரங்களில் பறித்து, முள்ளை மண்ணில் தேய்த்துப் போக்கி, வாயெல்லாம் சிவக்கத் தின்றோமே, அதே பழம்தான்.

ரோஹன் பரசுராம் கானவடே என்பவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல், குறைந்த செலவில், ஒரு கிராமத்தில் எடுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில், உலகக் கதைப்படங்களுக்கான நடுவர் குழுவின் முதற்பரிசைப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. எனக்கு மராத்தி தெரியாது. திரையில் ஓடிய ஆங்கில எழுத்துக்களின் துணையோடு பார்க்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அந்தத் துணையே தேவைப்படவில்லை.

கதை சிறியது. மும்பையில் கால் சென்டரில் வேலை பார்க்கும் ஆனந்த், தந்தை இறந்ததும் பத்து நாள் துக்கம் காக்கத் தாயோடு சொந்த ஊருக்குச் செல்கிறான். செருப்பு அணியக் கூடாது, அது கூடாது, இது கூடாது என்று சுற்றத்தார் விதிகளை அடுக்குகின்றனர். பிணம் எரிந்த சூடு ஆறுமுன்பே, “இவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை?” என்ற கேள்வி எழுகிறது. நம் வீட்டுக் கருமாதிகளில் கேட்காத கேள்வியா இது! மகனின் இயல்பு தாய்க்குத் தெரியும். ஊராருக்குத் தெரியாது. அவன் நாட்டம் பெண்கள்மீது இல்லை. அங்கே அவனுடைய பால்ய நண்பன், வயலும் ஆடுமாய் வாழும் பால்யா, அவனுக்குத் துணையாகிறான். இருவருக்கும் இடையே இருப்பது நட்பா, காதலா? பத்து நாள் கழிந்தால் அது என்ன ஆகும்? ஒருவன் நகரத்துக்குத் திரும்ப வேண்டியவன், மற்றவனுக்கோ ஊரில் பெண் பார்க்கிறார்கள். இந்த நிச்சயமின்மைதான் படம். இயக்குநரின் தந்தை 2016-ல் இறந்தபோது தாம் கிராமத்தில் கழித்த நாட்களே இதற்கு வித்து என்கிறார் அவர்.

படம் மெதுவாக நகர்கிறது என்பது உண்மை. காமிரா ஓரிடத்தில் நின்றுவிட்டால் நகர மறுக்கிறது. பொறுமையில்லாதவர்கள் பாதியில் எழுந்துவிடலாம். ஆனால் பொறுத்துப் பார்த்த எனக்கு ஒன்று விளங்கிற்று. நாம் இதுவரை பார்த்த காதல் படங்களில் சாதி குறுக்கே நின்றது, பணம் குறுக்கே நின்றது, தந்தை அரிவாளோடு நின்றார். எதிர்ப்பவர் இருந்ததால் ஆதரிப்பவரும் இருந்தனர். நண்பர்கள் ஓடிவந்து பதிவுத் திருமணம் செய்து வைத்தனர், நாம் கைதட்டினோம். ஆனந்துக்கும் பால்யாவுக்கும் எதிர்க்கக்கூட ஆள் இல்லை. அந்த அன்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. சாட்சியே இல்லாத உறவு எப்படி உறுதிப்படும்? அவர்கள் மனத்தில் குறை இல்லை. அவர்களுக்கு நாம் இடம் விடவில்லை என்பதே என் கருத்து.

நம் தமிழ்ப் படங்கள் இவர்களுக்கு என்ன செய்தன? 2006-ல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’வில் இவ்வியல்பு கொலைகாரர்களை ஏளனம் செய்யப் பயன்பட்டது. 2010-ல் ‘கோவா’வில் இரு ஆண்களின் அன்பு வந்தபோது பெரும்பாலும் சிரிப்பை எழுப்பவே வந்தது. மாற்றமும் இல்லாமல் இல்லை. 2023-ல் மலையாளத்தில் ‘காதல் தி கோர்’ படத்தில் மம்முட்டி போன்ற பெரிய நடிகரே இத்தகைய வேடம் ஏற்றார். 2025-ல் தமிழில் ‘காதல் என்பது பொதுவுடைமை’ இரு பெண்களின் அன்பைக் கண்ணியமாகப் பேசியது.

திரையைக் குறை கூறும் நான் யோக்கியனா? மேல்நிலைப் பள்ளியில் என்னோடு ஒருவன் படித்தான். நெசவாளி மகன், கணக்கில் முதல் மதிப்பெண் பெறுபவன். அவனும் இன்னொரு மாணவனும் எப்போதும் ஒரே பெஞ்சில் அமர்வார்கள். ஒருநாள் காலை கரும்பலகையில் இருவர் பெயரும், நடுவே ஒரு கூட்டல் குறியும் இருந்தன. எழுதிய கை என்னுடையதன்று. சிரித்த வாய்களில் என் வாயும் ஒன்று. மறுநாள் அந்த இன்னொருவன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் முதலாமவன் பள்ளிக்கே வரவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். அவர்கள் வெறும் நண்பர்களா, அதற்கும் மேலா என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. படத்தில் இருவரும் பேசாமல் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சிகளைப் பார்த்தபோது அந்தப் பெஞ்சுதான் என் கண்முன் வந்தது.

‘இது மேல்நாட்டு நாகரிகம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது’ என்பார் சிலர். ஆடு மேய்க்கும் பால்யா எந்த மேல்நாட்டைக் கண்டான்? உண்மையில் கடல் கடந்து வந்தது தண்டனைதான். 1860-ல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவே இதைக் குற்றமாக்கியது. வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு இளம்பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தமக்குப் போதிய தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் சென்று கேட்டறிந்த பிறகே ஆணை பிறப்பித்தார். இவ்வியல்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதை அவர் தடை செய்தார். நீதிபதியே மாணவராக அமர்ந்து கற்கும்போது, மாணவர்களாகிய நாம் கற்க மறுக்கலாமா?

ஆயினும் இத்தகையோரின் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருப்பது ஓர் ஆறுதல். சட்டம் ஓரடி வைக்கிறது, ஓரடி தயங்குகிறது.

நம் காஞ்சியோ கல்யாணத்தை நம்பி வாழும் ஊர். முகூர்த்த மாதங்களில் காந்தி ரோட்டில் நடக்க இடமிருக்காது. வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கூறைப்பட்டு எடுத்துச் செல்கிறார்கள். என் வகுப்புத் தோழன் இன்று நெய்வதும் முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் கல்யாணப் பட்டாகத்தான் இருக்கும். தெருவில் எதிர்ப்பட்டால் அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு போகிறான். தாழ வேண்டிய தலை என்னுடையது.

நண்பர்களே, எல்லோரும் இந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் கூறவில்லை. நம் வகுப்பறையில் என்றேனும் இரண்டு பெயர்கள் கரும்பலகையில் ஏறினால், சிரிப்புக்கு நடுவே எழுந்து போய் அதைத் துடைக்க ஒரு கை வேண்டும். அன்று என் கை எழவில்லை. உங்களில் ஒருவர் கையாவது எழட்டும்.