மீன்தொட்டியும் மின்னோட்டமும்

வீட்டு விறாந்தையிலே கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து அதிற் பொன்மீனும் கப்பியும் வளர்ப்பது நல்லதொரு வழக்கம். பிள்ளைகளுக்கு அது உயிரியற் பாடம். களைத்து வருவோர்க்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆயினும் நீரும் மின்சாரமும் இத்துணை நெருக்கமாகக் குடியிருக்கும் இடம் வீட்டிலே வேறு இல்லை என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. எண்ணாதோருள் யாமும் ஒருவராய் இருந்தோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. தொட்டியில் மிதந்த இலையை எடுக்கக் கைவிட்ட எம் தமக்கையின் மகன், ஏழாம் வகுப்பு மாணவன், கையை வெடுக்கென இழுத்துக்கொண்டு, "மாமா, தண்ணிக்குள்ளை கை வைச்சால் விறுவிறெண்டு இழுக்குது" என்றான். யாம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளினின்று கண்ணை எடாமலே, "மீனெல்லாம் சுகமாய் ஓடித் திரியுது. உனக்கு மட்டும் இழுக்குதோ?" என்று நகைத்தோம். ஓமின் விதியைப் பல்லாண்டு கற்பித்த வாயிலிருந்து வரத்தகாத சொல் அது. சிறுவனோ விடவில்லை. அவனுடைய பிடிவாதத்தின் பேரில் மறுநாள் மின் தொழிலாளர் ஒருவரை அழைத்தோம். அவர் பிளக்கைக் கழற்றி, நீரைச் சுழற்றும் சிறிய மோட்டரை வெளியே எடுத்து வயரைத் தடவிப் பார்த்தார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வயரின் மேலுறையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. அன்று சிறுவன் நின்றது உலர்ந்த பன்பாயின் மேல். கழுவிய ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றிருப்பானாயின் நடந்திருக்கக்கூடியதை எண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது.

மீன்கள் ஏன் சுகமாய் இருந்தன? கம்பிமேல் அமர்ந்த காகம் ஏன் சாவதில்லையோ அதே காரணந்தான். மின்னோட்டம் பாய்வதற்கு இரண்டு இடங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு வேண்டும். கண்ணாடியாற் சூழப்பட்ட தொட்டியின் நீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்கும்போது அதனுள் இருக்கும் மீனின் தலைக்கும் வாலுக்கும் இடையே வேறுபாடு மிகச் சொற்பம். 1838ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே இலண்டனிலே தென் அமெரிக்க மின்விலாங்கு ஒன்றை ஆராய்ந்தபோது தம் கைகளையே நீரினுள் வைத்துப் பார்த்தார். ஒரு கை தலைப்பக்கத்திலும் மறு கை வாற்பக்கத்திலும் இருக்கும்போதே அதிர்ச்சி மிகக் கடுமையாய் இருந்தது. எந்த இரண்டு இடங்களைத் தொடுகின்றோம் என்பதே காரியம். தொட்டியில் ஒரு கையும் தரையில் ஒரு காலும் வைத்து நிற்கும் மனிதன் நீரையும் பூமியையும் இணைக்கும் பாலமாகின்றான். மீன் அவ்வாறு ஆவதில்லை. ஆதலால் மீனின் நலத்தை நீரின் நலத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் பெரும் பிழை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பகுதிக் கிணற்று நீரிலோ உப்புக்கள் நிரம்பக் கரைந்துள்ளன. அது தூய நீரைவிடப் பன்மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும்.

"பியூஸ் இருக்கின்றதே" என்று சொல்வாரும் உளர். மாணவர்கள் இவ்விடத்திலே சிறு கணக்கொன்று செய்து பார்க்கலாம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற். ஈரக் கையுடைய மனித உடலின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொண்டால், பாயக்கூடிய மின்னோட்டம் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லியம்பியர். வளர்ந்த ஒருவர்க்கே சுமார் 10 மில்லியம்பியரிற் கைத்தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாத நிலை வரலாம். சில பத்து மில்லியம்பியர் மார்பினூடாகப் பாயின் இதயத்தின் இயக்கம் குலையலாம். 13 அம்பியர்ப் பியூஸுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டன்று. அது வயர் எரியாமற் காக்க வைத்தது; ஆளைக் காக்க வைத்ததன்று.

ஆளைக் காப்பது றிப் சுவிச். போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குரியது, வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ இணைப்பைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டுச் சுவிச்சில் 30 மில்லியம்பியர் எனப் பொறித்திருக்கின்றதா என்று இன்றே பாருங்கள். மழைக் காலத்திலே அடிக்கடி விழுகின்றது என்று அதனைத் தவிர்த்து வயரைச் சுற்றி இணைத்துவிடும் வீடுகளும் உண்டு. நாயைக் குரைக்கின்றது என்று கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்கு ஒப்பான செயல் இது.

நீரினுள் ஒரு கோலை இட்டுப் புவித்தொடுப்புச் செய்தல் நன்றா என்பதும் பலர் வினாவுவது. றிப் சுவிச் உள்ள வீட்டில் நன்று. வெடிப்பு ஏற்பட்டவுடன் ஒழுக்கு அக்கோல் வழியே பூமிக்குச் சென்று, எவரும் கைவிடுமுன்னரே சுவிச் விழும். கோல் இல்லையாயின் முதலாவது ஒழுக்குவழி நம் கையாகவே இருக்கும். றிப் சுவிச் இல்லாத வீட்டிலோ கோல் ஆபத்தைக் கூட்டவும் கூடும். ஒழுக்கு ஓயாது நீரினூடாக ஓடும். மேலும் பழுதான உலோக விளக்கை ஒரு கையாலும், பூமியோடு இணைந்த நீரை மறு கையாலும் தொடுவோரின் மார்பே மின்னுக்கு வழியாகும்.

மல்ரிமீற்றரை நீரில் இட்டு "70 வோல்ற் காட்டுகின்றது" என்று அஞ்சுவாரும் உளர். பழுதற்ற மோட்டரின் சுருளுக்கும் நீருக்கும் இடையே காவற்பொருள் இருப்பினும் சிறு கொள்ளளவம் உண்டு. அதனை 100 பிக்கோ பரட் என்றும், மீற்றரின் தடையை 10 மெகா ஓம் என்றும் கொண்டு கணித்தால், 230 வோல்ற் வழங்கலில் மீற்றர் ஏறக்குறைய 70 வோல்ற் காட்டும். ஆயின் பாயக்கூடியது 7 மைக்கிரோ அம்பியரே; எவரும் உணரார். மின் தொழிலாளர் மீற்றருக்குக் குறுக்கே 10,000 ஓம் தடை ஒன்றை இணைத்துப் பார்ப்பாராயின், வெற்று அழுத்தம் பத்திலொரு வோல்ற்றிலும் குறைந்துவிடும். உண்மையான ஒழுக்கு அவ்வாறு அடங்காது. இச்சோதனையை அவரே செய்யட்டும். மாணவர்கள் கணக்கை மட்டும் செய்க.

ஏனையவை எளியன. பிளக்குக்குச் செல்லும் வயரைப் பிளக்கினுங் கீழாக வளைந்து தொங்கவிட்டு மேலேற்றினால் வழியும் நீர் வளைவிலே சொட்டிவிடும். காற்றூதும் கருவியை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். மின்வெட்டின்போது காற்று நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிக் கருவியினுட் புகும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின் நின்ற காலத்தை எவரும் மறந்திரார். நீர் சூடாக்கும் கருவி நுவரெலியாவிலே தேவைப்படலாம்; எம் ஊர் வெயிலில் அது வீண் செலவும் வீண் ஆபத்தும். றிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையாயின் அது சுவரில் ஒட்டிய பொம்மையே.

வெடித்த மோட்டரை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினோம். தொட்டி துப்புரவு செய்யும் நாளிலே இப்போது எம் மருமகன் பிளக்குகள் அனைத்தையும் கழற்றித் தன் கையிலே தூக்கிக் காட்டுகின்றான். யாம் விடைத்தாள்களை வைத்துவிட்டு எழுந்து சென்று எண்ணிப் பார்க்கும்வரை காத்து நின்று, "மாமா, இனிக் கை வைக்கட்டோ?" என்கின்றான்.