மஞ்சத்தண்ணிக்கு பேனர் வைக்கிறோம், பாடம்னு சொன்னா மட்டும் வெக்கப்படுறோம்



நவரை நடவு முடிஞ்சு களை எடுக்க ஆள் கிடைக்காம நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் கழனியில குனிஞ்சு கிடக்கோம். அதனால இந்தப் பக்கம் வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னிக்கு நெல்லு, ஏரி, மதகு பத்தி எழுதல. மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயத்தை எழுதுறேன். படிக்கக் கூச்சமா இருந்தா மன்னிச்சுக்குங்க. எழுதுற எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு.

எங்க பக்கத்து மேல்நிலைப் பள்ளியில மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்துச்சு. என் சின்னப் பொண்ணு அங்க பத்தாவது படிக்கிறா, அதனால நானும் உறுப்பினர். கழிப்பறைக்குத் தண்ணி, சுத்துச்சுவர், சத்துணவுன்னு பேசி முடிச்சப்புறம் ஒரு அறிவியல் டீச்சர் எழுந்தாங்க. "ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவ கூட்டியாந்து, உடம்பு பத்தி, பாதுகாப்பு பத்தி, கர்ப்பம் எப்படி உண்டாகுது, எப்படித் தடுக்கிறதுன்னு ரெண்டு நாள் வகுப்பு எடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான். ஒருத்தர் எழுந்து, "இதைக் கத்துக்கவா எங்க பொண்ணுங்கள பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"னு கத்தினாரு. இன்னொருத்தர், "அடுத்து நிரோத்தையும் கையில குடுப்பீங்களா?"ன்னு கேட்டாரு. நாலு பேர் சிரிச்சாங்க. டீச்சர் முகம் செத்துப் போச்சு, உக்காந்துட்டாங்க. நானும் அங்கதான் இருந்தேன். வாயத் திறக்கல. அன்னிக்குச் சொல்லாததைத்தான் இப்ப எழுதுறேன்.

நான் பேசியிருக்கணும். ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணை நான்தான் டாட்டா ஏஸ் பின்னாடி பாய விரிச்சுப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஊரும் பேரும் சொல்லமாட்டேன். பதினேழு வயசு, பிளஸ் டூ. ஒரு பையனோட பழக்கம். நாள் தள்ளிப் போனதும் அந்தப் பையன் ஒரு மெடிக்கல் கடையில மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கான். சீட்டு இல்ல, கேள்வி இல்ல. ரத்தம் நிக்கல. என் வீட்டுக்காரம்மா மடியில தலைய வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு சொன்னது இதுதான்: "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது பெரியம்மா."

ரத்தம் ஏத்தினாங்க, பிழைச்சுட்டா. அந்த வருஷம் பரீட்சை எழுதல. பையன் மேல போக்சோ கேஸ். இருபது வயசு, கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. இன்னிக்கும் வாய்தாவுக்குப் போய்ட்டு வர்றான். ரெண்டு குடும்பமும் தலை குனிஞ்சு நடக்குது. "தெரியாது"ன்னு அந்தப் பொண்ணு சொன்னது பொய் இல்ல. பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பொண்ணு அவ.

பட்டணத்துல இருக்கிற நீங்க கிராமம்னா எல்லாம் மூடி மறைச்சு இருக்கும்னு நினைப்பீங்க. அது பாதிதான் நிஜம். மாடு பருவத்துக்கு வந்திருக்குன்னு டீக்கடையில சத்தமா பேசுவோம். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிட்டுப் போய் சினை ஊசி போடுறதை எட்டு வயசுப் பையன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாப்பான். எத்தனை நாளுல பாத்தா சினை தெரியும்னு அவனே சொல்லுவான். ஆனா தன் உடம்பு பத்தி அவன்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

பொண்ணு வயசுக்கு வந்தா என்ன பண்றோம்? மண்டபம் எடுத்து, தாய்மாமன் சீரு வச்சு, ரோட்டோரம் பத்தடி பேனர் அடிக்கிறோம். அந்தப் பக்கம் போற கம்பெனி பஸ்ஸுக்கெல்லாம் தெரியுது. ஊருக்கே சொல்லிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் அது என்னன்னு சொல்றதில்ல. என் பெரிய பொண்ணுக்கு நாங்களும் பேனர் வச்சோம். அதனால யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதல.

எங்க ஊர் இப்ப பழைய ஊர் இல்ல. 90கள் கடைசியில இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் வந்துச்சு. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்து, 2014ல மூடிட்டும் போயிடுச்சு. ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம்னு கார், டயர், போன், ஃபிரிட்ஜ் எல்லாம் செய்றாங்க. தமிழ்நாடு முழுக்க இருந்து பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க போன் கம்பெனிக்கு வர்றாங்க. வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த ஹாஸ்டல் மட்டும் 18,720 பேர் தங்குற மாதிரி கட்டினது. அது இல்லாம எங்க ஊர்கள்ல கழனிய வித்த காசுல கட்டின மாடி வீடுகள் எல்லாம் ஹாஸ்டல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மார்ச் மாசம் பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஜூன் மாசம் கம்பெனி யூனிஃபார்ம். நடுவுல மூணு மாசம். அந்த மூணு மாசத்துல அம்மா அப்பாவ விட்டு, சொந்தச் சம்பளம், சொந்த போன், தெரியாத ஊர். பள்ளிக்கூடத்துல சொல்லலைன்னா அந்தப் பொண்ணுக்கு வேற எங்க சொல்லுவாங்க? சூப்பர்வைசரா சொல்லுவாரு? பள்ளிக்கூடம்தான் கடைசி இடம்.

"புத்தகத்துல இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. இருக்கு. எட்டாவது அறிவியல்ல வளரிளம் பருவமடைதல்னு பாடமே இருக்கு. பன்னெண்டாவது விலங்கியல்ல இனப்பெருக்க நலன்னு ஒரு பாடம், கருத்தடை முறை எல்லாம் அதுல வருது. ஆனா அது உயிரியல் எடுத்தவங்களுக்கு மட்டும். காமர்ஸ் எடுத்த பொண்ணுக்கும் தொழிற்பிரிவு எடுத்த பையனுக்கும் உடம்பு இல்லையா? எட்டாவது பாடத்தை என் பொண்ணுகிட்ட கேட்டேன். "வீட்டுல படிச்சுக்குங்கன்னு சொல்லிட்டாங்கப்பா"ன்னா. வீட்டுல நாங்க, பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்கன்னு விட்டுட்டோம்.

இந்தச் சண்டை நம்ம ஊர்ல மட்டும் இல்ல. எய்ட்ஸ் பயத்துல மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வின்னு ஒண்ணு கொண்டு வந்தப்ப, 2007ல மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா, மத்தியப் பிரதேசம்னு பல மாநிலங்கள் வேண்டாம்னு தடை போட்டுச்சு. 2009ல மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில பாலியல் கல்வி கூடாதுன்னு அறிக்கை குடுத்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2005ல நடிகை குஷ்பு, கல்யாணத்துக்கு முன்னாடி உறவு வச்சுக்கிட்டா கர்ப்பமும் நோயும் வராம பாத்துக்கணும்ங்கிற மாதிரி ஒரு பத்திரிகையில சொன்னதுக்கு இருபதுக்கும் மேல கேஸ் போட்டாங்க. 2010ல உச்ச நீதிமன்றம் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணுச்சு. இதே மண்ணுல 1930கள்லேயே பெரியார் குடி அரசுல கருத்தடை பத்தி எழுதினவரு. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர்ச் சுவத்துல எல்லாம் சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர். அப்ப யாரும் வெக்கப்படல, ஏன்னா அது கல்யாணம் ஆனவங்களுக்கு.

இப்ப அந்தக் கூட்டத்துல கத்தினவரு பக்கம் கொஞ்சம் பேசுறேன். அவரு கெட்டவரு இல்ல. அவருக்கு ரெண்டு பொண்ணு. அவரோட பயம் எனக்கும் உண்டு. சொல்லிக் குடுத்தா செஞ்சு பாக்கத் தோணும்னு பயம். ஆனா யுனெஸ்கோ பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்து சொன்னது வேற. இப்படி முறையா சொல்லிக் குடுத்த இடத்துல பிள்ளைங்க சீக்கிரமா ஆரம்பிக்கிறது இல்ல, சில இடத்துல தள்ளிப் போடுறாங்கன்னுதான் சொல்லுது. அதுவும் போக, 2020ல கொரோனா வந்தப்ப ஆன்லைன் வகுப்புக்குன்னு நாமதான் போன் வாங்கிக் குடுத்தோம். அதுல என்னென்ன வருதுன்னு நமக்கும் தெரியும். பாடம் ஏற்கனவே நடந்துக்கிட்டுதான் இருக்கு, மோசமான வாத்தியார்கிட்ட.

இன்னொரு பயத்தை வெளிப்படையா சொல்லிடுறேன். எங்க ஊர்கள்ல பாதிப் பயம் உடம்பு பத்தி இல்ல, பொண்ணு யாரோட போயிடுவாளோங்கிற சாதிப் பயம். அதனாலதான் லேசா ஒரு பேச்சு வந்தாலே படிப்பை நிறுத்தி அவசரக் கல்யாணம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 20லேருந்து 24 வயசுப் பொண்ணுங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 13 பேருக்கு 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கு. அது கல்யாணம் ஆனதால நமக்கு மானக்கேடு இல்ல. ஆனா பதினாறு வயசு உடம்புக்குப் பிரசவம் பிரசவம்தான்.

அப்புறம் சட்டம். இதைப் பையன்களுக்குக் கண்டிப்பா சொல்லணும். 2012ல போக்சோ வர்றதுக்கு முன்னாடி சம்மத வயசு 16. இப்ப 18. அதுக்குக் கீழ இருக்கிற பொண்ணு சம்மதிச்சாலும் சட்டத்துல அது சம்மதம் இல்ல. ஆசையா பழகுற வளரிளம் பருவத்துப் பிள்ளைங்களை ஜெயிலுக்கு அனுப்புறது இந்தச் சட்டத்தோட நோக்கம் இல்லன்னு 2021ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கேஸை ரத்து பண்ணுச்சு. ஆனா சட்டம் அப்படியேதான் இருக்கு. எங்க ஊர்ல எத்தனை பையனுக்கு இது தெரியும்? பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போடக் கத்துக்குடுக்கிறோம், வாழ்க்கையே போகிற இந்த விஷயத்தைச் சொல்லமாட்டேங்கிறோம்.

பொண்ணுங்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒண்ணு இருக்கு. 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 18 வயசுக்குக் கீழ உள்ள பொண்ணு கருக்கலைப்புக்கு டாக்டர்கிட்ட வந்தா, பொண்ணும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா, போலீஸுக்குத் தர்ற தகவல்ல அவ பேரு, அடையாளம் சொல்ல வேண்டியதில்லன்னு. காப்பாளர் கையெழுத்து வேணும்தான். ஆனாலும் இது தெரிஞ்சிருந்தா நான் வண்டியில கொண்டு போன பொண்ணு, மெடிக்கல் கடை மாத்திரைக்குப் பதிலா ஒரு மாசம் முன்னாடியே அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா.

சரி, "நிரோத்தையும் கையில குடுப்பீங்களா"ன்னு கேட்டாரே, அதுக்கு என் பதில். பள்ளிக்கூடத்துல குடுக்க வேண்டாம். மேல்நாட்டுல சில பள்ளிகள்ல குடுக்கிறாங்க. இங்க 18 வயசுச் சட்டத்தை வச்சுக்கிட்டு டீச்சர் கையில அதைக் குடுத்தா முதல்ல மாட்டுறது அந்த டீச்சர்தான். தனக்குத் தெரிய வந்ததைப் போலீஸுக்குச் சொல்லணும்னு போக்சோவே சொல்லுது. அதோட, அந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊரே பாடத்தையும் நிறுத்திடும். ஆனா அது என்ன, எப்படி வேலை செய்யுது, எங்க கிடைக்கும்னு சொல்லித் தரணும். ஏரில தண்ணி நிறையிறதுக்கு முன்னாடி நீச்சல் கத்துக்குடுக்கிற மாதிரிதான் இது.

18 தாண்டின பொண்ணுங்க விஷயம் வேற. அவங்க வயசு வந்தவங்க. அவசரத்துக்குப் போடுற கருத்தடை மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாம விக்கலாம்னு 2005லேருந்து மத்திய அரசு விதி இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல மெடிக்கல் கடையில கேட்டா பெரும்பாலும் இல்லன்னுதான் சொல்றாங்க, கேட்ட பொண்ணை ஏற இறங்கப் பாக்குறாங்க. உண்டாகாம தடுக்கிற மாத்திரை கிடைக்கல, உண்டானதைக் கலைக்கிற மாத்திரை கள்ளத்தனமா கிடைக்குது. இது என்ன நியாயம்? இத்தனை ஆயிரம் பொண்ணுங்க தங்குற இடத்துல வாரத்துல ஒரு நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துல, ஒரு நர்சம்மா உக்காந்து கேள்வி கேக்காம பதில் சொல்ற மாதிரி பண்ணினா கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் என்ன கொறைஞ்சிடும்?

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. எட்டாவதுலேருந்து எல்லாப் பிரிவுக்கும் பாடம். பையனுக்கும் பொண்ணுக்கும் ரெண்டு பேருக்கும். கூச்சம் இருந்தா முதல்ல தனித்தனியா வச்சுக்குங்க. என்ன சொல்லப் போறாங்கன்னு பெத்தவங்களுக்கு முன்கூட்டியே காட்டுங்க, பாதி எதிர்ப்பு அடங்கிடும். தொட்டா தப்புன்னு சொல்ல, 1098ன்னு ஒரு நம்பர் இருக்குன்னு சொல்ல, உடம்புக்குச் சந்தேகம்னா 104க்குப் போன் பண்ணலாம்னு சொல்ல ரெண்டு நாள் போதும். முக்கியமா, "வேண்டாம்"னு சொல்லவும், "வேண்டாம்"னா கேட்டுக்கவும் பையன்களுக்கும் சேர்த்துக் கத்துக்குடுங்க.

அடுத்த கூட்டம் அடுத்த மாசம். இந்தத் தடவை நான் எழுந்து பேசப் போறேன். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். "நீங்க பேசினா நல்லாருக்கும் ஐயா, நாங்க பேசினா ட்ரான்ஸ்ஃபர் ஆயிடும்"னாங்க. அந்தப் பொண்ணு சொன்ன அந்த ஒரு வார்த்தையை, பேரைச் சொல்லாம, கூட்டத்துல சொல்லிடுவேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்.

நேத்து ராத்திரி என் சின்னப் பொண்ணுகிட்ட, "எட்டாவது புத்தகம் இருக்காம்மா?"ன்னு கேட்டேன். பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தா. என் வீட்டுக்காரம்மாவும் அவளும் உள்ள உக்காந்து அந்தப் பாடத்தைப் படிச்சாங்க. நான் திண்ணையில உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அம்மாவும் பொண்ணும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. இவ்வளவுதானா இதுன்னு இருந்துச்சு எனக்கு.

களை எடுக்கிற வேலை பாக்கி இருக்கு. வர்றேன்.