வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரு படம் நன்றாக ஓடினால் கதாநாயகனுக்கு மாலை விழுகிறது. டைரக்டரைப் பாராட்டுகிறார்கள். பாட்டு எழுதியவரையும் ஜனங்கள் மறப்பதில்லை. ஆனால், அத்தனையையும் கண்ணுக்குக் காட்டிய காமிராக்காரரின் பெயரைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

தென்னூர், ஸ்ரீரங்கம் பக்கங்களில் எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளம் வாங்காமல், சொந்தப் பொறுப்பில் ஒளிப்பதிவு செய்து பிழைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கல்யாணம், திருவிழா, விளம்பரம், குறும்படம் என்று வந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "எத்தனை காமிரா? டிரோன் உண்டா? ரேட் என்ன?" எதை, எப்படிக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

இது சரியல்ல. காமிரா வாடகைக்குக் கிடைக்கும், கண் கிடைக்காது.

சினிமாவைச் சுயதொழிலாகச் செய்வது திருச்சிக்குப் புதிதல்ல. இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அவர் காட்டியது பிறர் எடுத்த படங்களை. படம் எடுப்பவருக்கோ வெளிச்சத்தின் போக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முற்றத்து வெளிச்சம்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டு முற்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறாத நேரத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து மெல்ல இறங்கும். முகத்தில் கறுத்த நிழல் விழாது. இதை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவருவது எப்படி?

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக, முற்றத்தோடு கூடிய காசி வீடு ஒன்றை ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நடிகர்கள் மீது விளக்கை நேரே காட்டவில்லை. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வானத்து வெளிச்சம் போலவே இறங்கியது. 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கும் வரை சினிமாக் காமிராவை இயக்கியே அறியாதவர் அவர்!

தமிழில் பாலு மகேந்திராவும் இயற்கை வெளிச்சத்தைப் பெரிதும் நம்பினார். மட்டக்களப்பில் பிறந்து, புனா திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் மலைப்பாதைகளை யார் மறப்பார்? 'மூன்றாம் பிறை' (1982) அவருக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைத் தேடித் தந்தது.

முதல் நாள் கூலி

பெரிய படத்துக்குப் பொருந்துவது கல்யாண வீட்டுக்கும் பொருந்தும். கண்ணைப் பறிக்கும் விளக்குகளை வைத்தால் மணமேடை பளிச்சென்று தெரியும். ஆனால், தாரை வார்க்க நீர் ஊற்றும் தாயின் கண்ணில் துளிர்த்தது அந்தப் பளபளப்பில் மறைந்து போகலாம். இருபது வருஷம் கழித்து மகள் தேடப் போவது மேடையையா, தாயின் முகத்தையா?

அந்த முகத்தைத் தவறவிடாமல் இருக்க, காமிராக்காரர் முந்தின நாளே மண்டபத்தைப் பார்க்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் எந்த ஜன்னல் வழியே வெளிச்சம் வரும், யார் எங்கே நிற்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாளுக்குக் கூலி கேட்டால், "படமே எடுக்கவில்லையே, எதற்குப் பணம்?" என்பது நியாயமா? சமையல்காரர் முதல் நாளே வந்து காய் நறுக்குவதை வேலை இல்லை என்று யாராவது சொல்வதுண்டா?

காமிராக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடன் வாங்கிப் புதுக் கருவி வாங்குமுன், இருக்கும் கருவியோடு ஒரு நாள் முழுவதும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து வெளிச்சம் நகர்வதைப் பார்க்கட்டும். வேலை கொடுப்பவர்கள், அந்த முதல் நாளுக்கும் சேர்த்துக் கூலி பேசட்டும். செலவு கொஞ்சம் கூடும். தாயின் முகம் படத்தில் இருக்கும்.