பூங்கா அமைக்க நிதி உண்டு, பேணிக் காக்க?

புதுதில்லி: தில்லியில் சிறிதும் பெரிதுமாக சுமார் 18 ஆயிரம் பூங்காக்கள் இருப்பதாக அரசுக் கணக்கு கூறுகிறது. லோதி தோட்டத்தின் பரந்த புல்வெளியும், மக்கள் நெருக்கம் மிகுந்த குடியிருப்பின் நடுவே வேலி சரிந்து கிடக்கும் துண்டு நிலமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். முன்னதைப் பேணுவது வருவாய் வளம் மிக்க புதுதில்லி நகராட்சிக் குழு. பின்னதைப் பேண வேண்டியது நிதி நெருக்கடியில் உழலும் மாநகராட்சி.

தலைநகரில் காணப்படும் இந்த வேறுபாடு நாடு முழுவதற்கும் பொருந்தும். பூங்கா அமைப்பதற்கு மத்திய அரசின் திட்டங்களில் நிதி உண்டு. அமைத்த பூங்காவைப் பராமரிக்கவும், திறந்தவெளி நிலம் பறிபோகாமல் காக்கவும் நிலையான நிதி ஏற்பாடு இல்லை.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 12-வது அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவையும் அடங்கும். பொறுப்பு கைமாறியது; அதற்கு ஈடான வருவாய் கைமாறவில்லை. நகராட்சிகளின் மொத்த வருவாய் பத்தாண்டுக்கும் மேலாக நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 1 சதவீத அளவிலேயே தேங்கி நிற்பதாக 2022-ல் ரிசர்வ் வங்கி தனது ஆய்வறிக்கையில் சுட்டிக்காட்டியது.

அம்ருத் சொல்லும் கணக்கு

2015 ஜூனில் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டம், 500 நகரங்களில் பசுமைவெளிகளையும் பூங்காக்களையும் மேம்படுத்துவதைத் தனது நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனால், மாநிலங்களின் ஆண்டுச் செயல்திட்டத்தில் இதற்கு அதிகபட்சம் 2.5 சதவீதமே ஒதுக்கலாம் என்று வரம்பும் விதித்தது. ஒப்புதல் பெற்ற ரூ.77,640 கோடி மதிப்பிலான திட்டங்களில் பூங்காக்களின் பங்கு ரூ.1,768 கோடி. சராசரியாகப் பார்த்தால் ஒரு நகருக்கு ஐந்தாண்டுகளில் சுமார் ரூ.3.5 கோடி.

குடிநீருக்கும் கழிவுநீர் அகற்றலுக்கும் முன்னுரிமை தந்ததைக் குறை கூற முடியாது. இத்தொகை பெரும்பாலும் கட்டுமானத்துக்கானது என்பதே சிக்கல். உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கூறி, அப்பொறுப்பை உள்ளாட்சிகளிடமே வழிகாட்டு நெறிமுறை விட்டுவிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0-லும் குடிநீரும் கழிவுநீருமே முதன்மை பெற்றன.

நிதிக்குழு மானியமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு பரிந்துரைத்த நகர்ப்புற மானியத்தில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிகளுக்கான தொகை காற்றின் தரம், குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுடன் பிணைக்கப்பட்டது. மற்ற நகரங்களுக்கு 40 சதவீதம் நிபந்தனையின்றிக் கிடைத்தாலும், அதிலிருந்து பூங்காவுக்கு முன்னதாகச் சாலையும் தெருவிளக்கும் பங்கு கேட்கும்.

நகர வனம் போதுமா?

சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-ல் அறிவித்த நகர வனத் திட்டம் மற்றொரு வழி. காடுகளைப் பிற பணிகளுக்கு மாற்றுவோர் செலுத்தும் இழப்பீட்டில் உருவான நிதியிலிருந்து இதற்குப் பணம் வழங்கப்படுகிறது. 400 நகர வனங்கள், 200 நகர வாடிகைகள் என ரூ.895 கோடியில் முதலில் திட்டமிடப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் நகர வனத்துக்குக் குறைந்தது 10 ஹெக்டேர் நிலமும், வாடிகைக்குக் குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலமும் வேண்டும். நெருக்கடியான பழைய குடியிருப்புகளில் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? வீட்டருகே முதியவர் காலார நடக்கவும் குழந்தைகள் ஓடியாடவும் தேவைப்படும் அரை ஏக்கர் பூங்காவுக்கு இத்திட்டம் மாற்றாகாது.

குடியிருப்போர் சங்கங்களுக்குப் பூங்காப் பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டை தில்லி அரசு பூங்காச் சங்கத்தின் மூலம் மேற்கொண்டது. நல்ல முன்மாதிரியே. எனினும் கணக்கு எழுதவும் விண்ணப்பம் தரவும் ஆள்பலம் கொண்ட சங்கங்களுக்கே இத்தகைய உதவி எளிதில் எட்டும். சங்கமே இல்லாத ஏழைக் குடியிருப்புகள் விடுபட்டுப் போகும். பொதுப் பூங்காவைத் தவிர வேறு திறந்தவெளி இல்லாதவர்கள் அவர்கள்தான்.

நிலமே முதல் மூலதனம்

பராமரிக்கப்படாத பூங்கா வெகுகாலம் பூங்காவாக நீடிப்பதில்லை. முதலில் குப்பை சேரும். பிறகு வாகனங்கள் நிற்கும். இறுதியில் 'பயன்படாத நிலம்' என்ற பெயரில் கட்டடம் எழும். பெங்களூரில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் தனியார் மருத்துவமனைக்குத் தரப்பட்டபோது, அப்பகுதி மக்கள் நீதிமன்றம் சென்றனர். அந்த ஒதுக்கீடு செல்லாது என்பதை 1991-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. திறந்தவெளி என்பது அரசு விரும்பியபடி வழங்கக்கூடிய சொத்து அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சட்டங்களுக்கும் குறைவில்லை. தமிழகத்தில் 1959-லும், உத்தரப் பிரதேசத்தில் 1975-லும், கர்நாடகத்தில் 1985-லும் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நகரவாசி ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014-ம் ஆண்டு நகரத் திட்டமிடல் நெறிமுறையும் பரிந்துரைக்கிறது. எனினும் இப்பிரச்னை நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பொறுப்பு என்பதே அமைச்சகத்தின் வழக்கமான பதில். அரசியல் சட்டப்படி அது சரியே. ஆனால் நிதி வழங்கும்போது நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உண்டு. குடிநீருக்கும் தூய்மைக்கும் நிபந்தனை விதிக்க முடிந்த அரசுக்குத் திறந்தவெளிக்கு மட்டும் அது இயலாததல்ல.

உள்ளாட்சிகள் தங்கள் பூங்கா நிலங்களை அளந்து, எல்லை குறித்து, பட்டியலை வெளியிட்டால் மட்டுமே நிதி என்று விதிக்கலாம். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கெனத் தனியே பிரித்துவைக்கலாம். பூங்காவே இல்லாத வார்டுகளுக்கு முதலிடம் தரலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

குடிநீர்க் குழாயைப் பின்னாளிலும் பதித்துக்கொள்ளலாம். கட்டடம் எழுந்துவிட்ட திறந்தவெளியை மீட்பது எளிதல்ல. திறப்பு விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து பூங்காவுக்கு யார் செலவிடுவது என்பதற்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து விடை காண வேண்டும்.