65-ஐக் கடந்தவருக்கும் சிறுநீரகம்
மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்ய 65 வயது என்றிருந்த உச்ச வரம்பை மத்திய அரசு 2023 பிப்ரவரியில் நீக்கியது. அதன் பலன் முதியவர்களுக்கு முழுமையாகச் சேர வேண்டும். ஊசி குத்திப் புடைத்த கையுடன், வாரம் மூன்று நாள் ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி டயாலிசிஸுக்கு வரும் பெரியவரிடம் வயதைக் காட்டிக் கைவிரிப்பது நியாயமல்ல. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் தொற்றும் மாரடைப்பும் அச்சுறுத்துவது உண்மை. அதைக் கடந்தவர்கள், டயாலிசிஸிலேயே நீடிப்போரைவிடப் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். இளையோரின் வாய்ப்பு பறிபோகுமே என்ற கவலைக்கும் வழி உண்டு: முதியவர் தானமளித்த சிறுநீரகத்தை முதியவருக்கே பொருத்தும் திட்டத்தை ஐரோப்பிய நாடுகளின் உறுப்புப் பகிர்வு அமைப்பான யூரோடிரான்ஸ்பிளாண்ட் 1999 முதல் நடத்துகிறது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமும் அதை விதியாக்க வேண்டும். இதயம், உடல்வலு ஆகியவற்றுக்கான முன்பரிசோதனைகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலேயே முடித்துத் தர சுகாதாரத் துறை உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.