கண்டுபிடித்தவர் தமிழராம், இருக்கட்டும்

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்ற செய்தி ஆண்டுக்கு இருமுறையாவது என் அஞ்சல்பெட்டிக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் இலக்கிய நண்பர்கள். அந்தக் கடிதம் எவ்வழியாக என்னை வந்தடைந்தது என்று திருப்பிக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. என் சண்டை அதோடுதான்.

முதலில் பெருமையைப் பார்த்துவிடலாம். சிவா அய்யாதுரை 1978இல், பதினான்கு வயதில், நியூஜெர்ஸியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக அலுவலக அஞ்சல் நிரல் ஒன்றை எழுதினார். அதற்கு 'ஈமெயில்' என்று பெயரிட்டு 1982 ஆகஸ்டில் பதிப்புரிமை பெற்றார். பள்ளி மாணவன் ஒருவனுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் ரே டாம்லின்சன் 1971இலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, @ குறியிட்ட முகவரிக்கு மடல் அனுப்பியிருந்தார். பதிப்புரிமை, எழுதிய நிரலுக்கு மட்டுமே உரியது. ஒருவர் தம் புத்தகத்துக்கு 'நாவல்' என்று பெயரிட்டுப் பதிவு செய்தால் நாவல் வடிவமே அவருடையதாகிவிடுமா? அதே 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டார். இன்று நம் மடல்களைச் சுமப்பது, பல திருத்தங்களுடன், அதுவே.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். தறியைக் கண்டுபிடித்தவர் யார் என்று எங்கள் தெருக்களில் எவரும் கேட்டு நான் அறியேன். அறுந்த இழையைப் பிணைக்க வருமா, கோர்வை பிசகாமல் கரையையும் உடலையும் சேர்க்க வருமா என்பதே கேள்வி. பாட்டன் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனும் தறிக்குழியில் இறங்கிவிட முடியாது. அஞ்சல் என்று வரும்போது மட்டும் இவ்வூருக்கும் அந்த நியாயம் மறந்துவிடுகிறது. காந்தி சாலைப் பட்டுக்கடைகள் பலவற்றின் விசிட்டிங் கார்டில் இருப்பது இலவச ஜிமெயில் முகவரிதான். புடவைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், அஞ்சலுக்கு அடுத்தவர் திண்ணையில் படுத்திருக்கிறது.

வணிகர்களாவது போகட்டும், எழுதுகிறவர்கள் செய்தது என்ன? ராயர் காப்பி கிளப், மரத்தடி முதலிய யாஹூ குழுமங்களில் 2000களின் தொடக்கத்தில் நிகழ்ந்த உரையாடல்களை அன்றைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை மடல்கள், எத்தனை சண்டைகள், எத்தனை முதற்கதைகள்! 2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பு விடுத்தது. சில மாதங்களில் குழுமங்களின் சேமிப்புகள் நீக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. தனியே பிரதி எடுத்து வைத்தவர்களிடம் இருப்பதே மிச்சம். யாஹூவைத் திட்டிப் பயனில்லை. தன் வீட்டை அவர் இடித்துக்கொண்டார், நாம் அங்கே குடியிருந்தோம்.

'இலக்கியவாதிக்கு இந்தத் தொழில்நுட்பம் எதற்கு' என்பார்கள். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது, இதழை வாசகனிடம் கொண்டுசேர்ப்பது வேறு யாருடைய வேலையோ என்று கருதவில்லை. புத்தகங்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அச்சுக்கோப்பும் காகித எடையும் தபால் விதிகளும் தெரிந்திருந்தன. அவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கூச்சம் வந்தது?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த வழங்கி வாங்கிக்கொள்ளும் என்பது டி.என்.எஸ். பதிவில் எம்.எக்ஸ். என்ற ஒரு வரியில் இருக்கிறது. அனுப்பும் வழங்கி அதைப் பார்த்து, 25ஆம் எண் கதவைத் தட்டித் தன் பெயரைச் சொல்கிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்று முதலில் உறையை மட்டும் நீட்டுகிறது. ஏற்றுக்கொண்டால் 250 என்று விடை வரும், அதன்பிறகே கடிதம். தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. எதிர்ப்பக்கத்துக் கதவு திறக்காவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் இலவச மென்பொருள் ஐந்து நாள் வரை சலிக்காமல் முயல்கிறது. வேடிக்கை என்னவென்றால், உறைமேல் உள்ள அனுப்புநரும் கடிதத்துக்குள் உள்ள அனுப்புநரும் ஒருவராக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சொன்னதை அப்படியே நம்பிய நெறிமுறை அது. மொட்டைக் கடிதங்களில் ஊறிய நம் இலக்கிய உலகத்துக்கு இதன் விளைவை விளக்க வேண்டுமா? எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகியவை அதனால் வந்த காவல்கள். என் பெயரில் எந்தெந்த வழங்கி அனுப்பலாம் என்ற பட்டியல் முதலாவது. கடிதத்தின்மீது இடும் முத்திரை இரண்டாவது. இவ்விரண்டில் ஒன்றேனும் என் டொமைனோடு பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்கு நான் சொல்லி வைப்பது மூன்றாவது. ஒரு மாத மாலைகளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. நன்னூல் இதைவிடக் கடினம்.

சிறு வழங்கியின் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் குப்பைப்பெட்டியில் தள்ளுகின்றன என்பது உண்மை. முன்பின் அறியாத ஐ.பி. எண்ணுக்கு நற்பெயர் கிடையாது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை மேலும் இறுக்கின. வீட்டு இணைப்புகள் பலவற்றில் 25ஆம் கதவு மூடியே கிடக்கும். ஆகவே மாதம் சில நூறு ரூபாய்க்கு வெளியே ஒரு வழங்கி எடுக்க வேண்டும், முதல் சில வாரங்கள் பொறுமையும் வேண்டும். முடியாதவர்கள் வெளிச்செல்லும் மடலை மட்டும் வேறொருவர் வழியே அனுப்பிவிட்டு, வருவதையும் சேமிப்பையும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். டொமைன் நம்முடையதாக இருந்தால், வழங்கி மாறினாலும் முகவரி மாறாது. சுதேசி நிறுவனத்துக்கு மாறினால் போதாதா என்று 2025 அக்டோபரில், அமித் ஷா ஸோஹோவுக்கு மாறியதாக அறிவித்தபோது, பலர் கேட்டனர். மாறலாம், தடையில்லை. வீட்டுக்காரர் நம்மூர்க்காரர் என்பதற்காக வீடு நமக்குச் சொந்தமாகிவிடாது, அவ்வளவுதான்.

தமிழ்ப்பற்றைக் காட்ட விரும்புவோருக்கு ஒரு வேலை இருக்கிறது. @ குறியின் இருபுறமும் தமிழ் எழுத்தே நிற்கும் முகவரிக்கான நெறிமுறை 2012இல் வெளிவந்துவிட்டது. அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாற ஜிமெயில் 2014இல் சம்மதித்தது. ஆனால் தன்னிடம் தமிழில் ஒரு முகவரி திறக்க இன்றுவரை அது விடுவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. அமைவுக் கோப்பில் ஒரு வரி, '.இந்தியா' என்று முடியும் ஒரு டொமைன் பெயர், இவற்றோடு உங்கள் பெயரைத் தமிழிலேயே முகவரியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த நிறுவனத்திடமும் மனுப் போட வேண்டியதில்லை.